முகம் இல்லாத ஓவியத்தில் விசுவாசத்தை எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: நிறமும் கோடும் மட்டுமே உள்ள ஓர் அரூப ஓவியத்தைக் காட்டி, "இது என் கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து வந்தது" என்று ஓர் ஓவியர் சொன்னால் அதை எப்படி எடுத்துக்கொள்வது? படத்தில் இயேசு இல்லை, மாதா இல்லை, ஒரு புறாகூட இல்லை. தலைப்பை மாற்றினால் அதே படம் வேறு எதுவாகவும் ஆகிவிடாதா? ஆன்மிக வளர்ச்சி என்று வேறு சொல்கிறார்களே, அது நிறத்தில் தெரியுமா?

நியாயமான கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஓர் அரூப ஓவியத்தை மட்டும் வைத்துக்கொண்டு, வரைந்தவரின் விசுவாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒருவர் நாற்பது ஐம்பது வருடம் வரைந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால், அவருடைய ஜெபம் எங்கே தொடங்கி எங்கே போனது என்பது தெரியவரும். இதைப் பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் கையில் எதுவும் நிற்காது. அதனால் எனக்குப் பிடித்த ஓர் ஓவியரை எடுத்துக்கொள்கிறேன். பிரான்ஸைச் சேர்ந்த அல்ஃப்ரெட் மனெஸியே. நம் பக்கம் அவர் பெயர் அதிகம் பேசப்பட்டதில்லை. ஆனால் 1955-இல் பிட்ஸ்பர்க் கார்னகி கண்காட்சியில் முதல் பரிசு, 1962-இல் வெனிஸ் பியென்னாலேயில் ஓவியத்துக்கான பெரும் பரிசு என்று அவர் காலத்தில் உலகம் முழுக்க அறியப்பட்டவர்.

மனெஸியே 1911-இல் வட பிரான்ஸின் பிக்கார்டி பகுதியில் பிறந்தார். சோம் ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம் பக்கத்தில்தான் இருந்தது. கடல் வற்றும்போது ஈர மணல் பரந்து கிடக்கும். அதில் வானம் விழுந்து, எது தரை எது வானம் என்று தெரியாமல் போகும். இந்த வெளிச்சம் கடைசிவரை அவர் படங்களில் இருந்தது. முதலில் கட்டடக்கலை படித்தார். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்துக்குப் போய் ரெம்பிராண்டைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். பிறகு ரோஜே பிசியேர் என்ற ஓவியரிடம் பயின்றார். முப்பதுகளில் அவர் வரைந்தவற்றில், உருவத்தை வடிவியல் துண்டுகளாக உடைத்துக் காட்டுகிற க்யூபிஸத்தின் தாக்கமும் கனவுபோன்ற காட்சிகளை வரைகிற சர்ரியலிஸத்தின் தாக்கமும் உண்டு. உருவங்களும் இருந்தன. திறமையான இளைஞர், ஆனால் இன்னும் தன் குரல் பிடிபடாதவர் என்றுதான் அந்தப் படங்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும். சிறு வயதில் பழகிய மதமும் அந்த நாட்களில் அவர் வாழ்க்கையின் நடுவில் இல்லை.

1943 செப்டம்பர். பிரான்ஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. நவீன ஓவியத்தையே சீரழிந்த கலை என்று நாஜிகள் ஒதுக்கிய காலம். எழுத்தாளர் நண்பர் ஒருவரோடு நார்மண்டியில் உள்ள லா த்ராப் மடத்துக்குப் போய் மூன்று நாள் தங்கினார் மனெஸியே. த்ராப்பிஸ்ட் துறவிகள் மௌனம் காப்பவர்கள். இரவு ஜெபம் முடிகிற நேரத்தில், இருண்ட கோயிலில், அவர்கள் ஒன்றாக நின்று 'சால்வே ரெஜினா' பாடுவார்கள். கத்தோலிக்க வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அது தெரிந்த ஜெபம்தான்; ஜெபமாலை முடிவில் நாம் சொல்கிற 'கிருபை தயாபத்து மந்திரம்' அதுவே. வெளியே போர், உள்ளே இருட்டு, அந்த இருட்டில் கண்ணீர்க் கணவாயிலிருந்து தாயை அழைக்கிற குரல்கள். அங்கேதான் விசுவாசம் அவருக்குத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு என்ன வரைந்தார் என்பதுதான் முக்கியம். மனம் மாறிய ஓர் ஓவியர் உடனே சிலுவையும் தேவதூதர்களும் வரையத் தொடங்குவார் என்று எதிர்பார்ப்போம். அவரும் முதலில் அந்தப் பக்கமாகத்தான் அடி எடுத்து வைத்தார். 1944-இல் எம்மாவு சீடர்களை வரைந்தார். அதில் ஆட்கள் இன்னும் தெரிகிறார்கள். ஆனால் 1945-இல் 'சால்வே ரெஜினா' என்று பெயரிட்ட படத்துக்கு வரும்போது, பாடிய துறவிகளை அவர் படம்பிடித்துக் காட்டவில்லை. கேட்ட பாட்டு அவருக்குள் என்ன செய்ததோ அதைக் கோட்டின் அடுக்காகவும் நிறத்தின் அதிர்வாகவும் வைத்தார். அடுத்த சில வருடங்களில் உருவம் முழுக்கவே போய்விட்டது.

இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைக்கும்போது லூக்கா 24-ஆம் அதிகாரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீடர்களும் இயேசுவோடு நடக்கிறார்கள், அடையாளம் தெரியவில்லை. அப்பத்தைப் பிட்கும்போது கண் திறக்கிறது. கண் திறந்த அதே நொடியில் அவர் மறைந்துபோகிறார். கண்ணுக்குத் தெரிந்தவரை அறியவில்லை, அறிந்ததும் கண்ணுக்குத் தெரியவில்லை. மனெஸியே இப்படி யோசித்துத்தான் உருவத்தை விட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய கலையில் நடந்ததும் இதே வரிசையில்தான் நடந்தது.

"உருவம் இல்லாமல் பக்தி எப்படி?" என்று கேட்பவர்களுக்கு, நமக்கு நெருக்கமான ஓர் உதாரணம் போதும். ராக ஆலாபனையில் சாகித்தியம் கிடையாது. எந்தத் தெய்வத்தின் பெயரும் வராது. ஆனால் நல்ல பாடகர் பாடினால் கேட்பவர் கண் கலங்குகிறார். அது எதைப் 'பற்றியது' என்று அப்போது யாரும் கேட்பதில்லை. மனெஸியேவுக்கு வாசல் திறந்ததும் இசைதான் என்பதால் இந்த ஒப்பீடு அவருக்கு நன்றாகவே பொருந்தும்.

கிறிஸ்தவ மரபிலும் இதற்கு ஆழமான வேர் உண்டு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த நீசா நகரத்துப் புனித கிரகோரியார் மோசேயின் வாழ்க்கையை ஆன்மாவின் பயணமாக வாசித்தார். மோசேக்கு முதலில் கிடைப்பது எரியும் முட்செடியின் வெளிச்சம். அடுத்து மேகம். கடைசியில், சீனாய் மலையில், கடவுள் இருந்த இருளுக்குள் நுழைகிறார். வளர வளர எல்லாம் தெளிவாகத் தெரியும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கிரகோரியார் அதைத் திருப்பிப் போடுகிறார்: கடவுளை நெருங்க நெருங்க, அவர் நம் கண்ணுக்கும் அறிவுக்கும் அடங்காதவர் என்பதுதான் தெரிய வருகிறது. 16-ஆம் நூற்றாண்டில் சிலுவை அருளப்பர் ஆன்மாவின் இருண்ட இரவைப் பற்றி எழுதியதும் இந்த வழியில்தான். ஆகவே, உருவம் கரைந்து போகிற ஓர் ஓவியம் விசுவாசம் மங்கியதற்கு அடையாளமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விசுவாசம் முற்றியதாலும் அது நடக்கலாம்.

ஆனால் இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. கிறிஸ்தவத்தின் நடுவில் இருப்பது ஒரு முகம். கடவுள் மனிதனாகப் பிறந்தார், அவரைக் கண்டார்கள், தொட்டார்கள் என்பதே அதன் சாட்சி. எட்டாம் நூற்றாண்டில் உருவங்களை உடைக்கச் சொன்னவர்களிடம் தமஸ்கு நகரத்து அருளப்பர் வாதாடியது இதை வைத்துத்தான். 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கமும் உருவ வணக்கத்தின் பக்கம் நின்றது. அப்படியிருக்க, முகத்தை எடுத்துவிட்ட ஓவியம் அந்தச் சாட்சியைக் கைவிடுகிறதா?

சுரூபத்துக்கும் ஐகான் என்கிற திருவுருவ ஓவியத்துக்கும் மாற்றாக அரூப ஓவியத்தை வைத்தால், ஆம், ஏதோ ஒன்று கைவிடப்படுகிறது. அரூப ஓவியத்தைக் காட்டி, கிறிஸ்து யார் என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது. கிறிஸ்துவைக் கேள்விப்படாத ஒருவருக்கு அவரை அறிமுகம் செய்ய முடியாது. சுவிசேஷத்தை ஏற்கெனவே கேட்டவர் மனதில் நடப்பதைத்தான் அரூப ஓவியத்தால் காட்ட முடியும். அதன் இடம் சுரூபத்தின் பக்கத்தில். அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார அதற்கு உரிமை இல்லை. மனெஸியேவின் கண்ணாடிச் சன்னல்கள் உள்ள கோயில்களிலும் பீடமும் திருப்பலியும் வாசகமும் அவற்றின் இடத்தில்தான் இருக்கின்றன.

சன்னல்கள் என்றதும் லே ப்ரேஸ்யூவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில், மலைப்பாங்கான பகுதியில் உள்ள சின்னக் கிராமம் அது. அங்கே 18-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று. அதற்கு 1948-இலிருந்து 1950 வரை மனெஸியே வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள் செய்தார். பிரான்ஸில் ஒரு பழைய தேவாலயத்துக்குள் அரூபச் சன்னல்கள் வந்தது அதுவே முதல் முறை. பாரிஸில் ரசிகர்கள் கூடுகிற கலைக்கூடம் இல்லை அது. விவசாயிகள் ஞாயிற்றுக்கிழமை வந்து முழங்கால் போடுகிற இடம்.

கண்ணாடி வேலை அவருக்கு ஒரு பெரிய பாடம் என்று நினைக்கிறேன். கித்தானில் வெளிச்சத்தை ஓவியர்தான் உண்டாக்க வேண்டும். கண்ணாடியில் வெளிச்சம் அவருடையது இல்லை. அது வெளியிலிருந்து வருகிறது, நேரத்துக்கு நேரம் மாறுகிறது, மழை நாளில் மங்குகிறது. காலைத் திருப்பலியில் ஒரு பக்கச் சன்னல் எரியும், மாலையில் அது அணைந்து எதிர்ப்பக்கம் எழும். ஓவியர் செய்யக்கூடியதெல்லாம் வருகிற ஒளிக்கு வழிவிடுவது. அருள் என்பதைக் கிறிஸ்தவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்களோ, அது இந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. 1950-களின் இறுதியில் வட பிரான்ஸில் ஹெம் என்ற ஊரின் சிற்றாலயத்துக்கு அவர் இதை இன்னும் பெரிதாகச் செய்தார். அங்கே தடித்த கண்ணாடித் துண்டுகளைக் கான்கிரீட்டில் பதித்துச் சுவர்களாகவே எழுப்பியிருக்கிறார்கள்.

திருச்சபைக்குள் இதெல்லாம் எளிதாக நடந்துவிடவில்லை. ஆல்ப்ஸ் மலையில் அஸ்ஸி என்ற இடத்தில், காசநோய் மருத்துவமனைகள் நிறைந்த பகுதியில் கட்டிய தேவாலயத்துக்கு ஜெர்மேன் ரிஷியே என்ற சிற்பி ஒரு பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் சிலை, செய்தார். முகம் தெளிவில்லாமல், உடல் மரத்தோடு ஒட்டிக்கிடக்கும். 'அவருக்கு அழகுமில்லை, சௌந்தரியமுமில்லை' என்ற ஏசாயா 53 அப்படியே கண்முன் நிற்கும். அதைத் தூஷணம் என்று எதிர்த்தார்கள். 1951-இல் ஆயரின் உத்தரவுப்படி பீடத்திலிருந்து அகற்றினார்கள். பல வருடங்களுக்குப் பிறகுதான் அது தன் இடத்துக்குத் திரும்பியது. 1952-இல் ரோமிலிருந்தும் திருக்கலை பற்றி எச்சரிக்கையான அறிவுறுத்தல் வந்தது. பிறகு காற்று மாறியது. 1964 மே மாதம் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருத்தந்தை ஆறாம் பவுல் கலைஞர்களைக் கூட்டி, முறிந்த நட்பைப் புதுப்பிக்க முன்வந்தார். 1973-இல் வத்திக்கான் அருங்காட்சியகத்தில் நவீன சமயக் கலைக்கென்றே ஒரு பகுதி திறக்கப்பட்டது.

இனி வளர்ச்சிக்கு வருவோம். கேள்வியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மனெஸியேவின் முதல் கட்டத்தை ஆறுதலின் காலம் எனலாம். பாட்டு, மாலை, துறைமுகம், ஈஸ்டர். 1949-இல் ஈஸ்டரைப் பற்றி ஏழு லித்தோகிராஃப் அச்சுப் படங்கள் செய்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருட்டு உள்ளே வருகிறது. 'முள்முடி' என்ற தலைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வரைந்தார். பிட்ஸ்பர்க் பரிசும் அந்தத் தலைப்புப் படத்துக்குத்தான். 1952-இல் 'கெத்சமனி இரவு', 'பரபாஸ்'. கறுப்புக் கோடுகள் முள்ளாகப் பின்னிக்கொள்ள, இடையில் நிறம் அகப்பட்டுக்கொண்டு எரிகிறது. தலையும் இல்லை, இரத்தமும் இல்லை. ஆனாலும் தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்து பழகிய ஒருவருக்கு அது அந்நியமாகத் தோன்றாது. பாடுகளை வெளியே நின்று பார்க்கிற கோணம் அதில் இல்லை. நாம் அந்த முட்களுக்கு உள்ளேயே இருக்கிறோம்.

மூன்றாவது கட்டம்தான் என்னை மிகவும் தொடுகிறது. கிறிஸ்துவின் பாடுகளில் இவ்வளவு நாள் ஊறியவர், செய்தித்தாளைத் திறந்தபோது அங்கேயும் அதே பாடுகளைக் கண்டார். 1956-இல் சோவியத் ராணுவம் ஹங்கேரி மக்களின் எழுச்சியை நசுக்கியதும் அந்த நவம்பருக்கு ஓர் இரங்கல் ஓவியம் வரைந்தார். 1968-இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபோது அவருக்கு ஓர் அஞ்சலி. ஸ்பெயினில் பிராங்கோ ஆட்சி பாஸ்க் போராளிகள் மேல் நடத்திய பர்கோஸ் வழக்கு, வியட்நாம் போர் இரண்டும் அவர் கித்தானுக்கு வந்தன. 1979-இல் பிரேசிலின் ஏழைகளுக்காகக் குரல் கொடுத்த பேராயர் ஹெல்டர் காமரா பெயரில் ஓர் ஓவியம். அதைத் தொடர்ந்து பல வருடம் அந்த நாட்டுச் சேரிகளை மனதில் வைத்து ஒரு வரிசை.

இவற்றில் எதிலும் பழைய அர்த்தத்தில் 'சமயத் தலைப்பு' கிடையாது. ஆனால் 1943-இல் மடத்தின் இருட்டில் தனக்குக் கிடைத்த ஆறுதலில் தொடங்கியவர், கிறிஸ்துவின் துயரத்தின் வழியாக, முகம் தெரியாத மனிதர்களின் துயரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். ஆன்மிக வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். படங்கள் இன்னும் 'புனிதமாக' ஆவதோ, நிறங்கள் இன்னும் சாந்தமாக ஆவதோ இதற்கு அளவுகோல் இல்லை. யாருடைய வலி படத்துக்குள் வர அனுமதி பெறுகிறது என்று பாருங்கள். 'மிகவும் சிறியவராகிய என் சகோதரருக்குச் செய்தது எனக்கே செய்தது' என்கிற மத்தேயு 25-ஐ ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொண்ட தடம் இந்தத் தேதிகளில் இருக்கிறது.

எண்பதுகளில் மறுபடி நேரடியாகச் சுவிசேஷத்துக்குத் திரும்பி, நான்கு சுவிசேஷகர்களின் பெயரிலும் பாடுகளின் பெரிய ஓவியங்களை வரைந்தார். அதே காலத்தில், தான் வளர்ந்த அப்வீல் நகரில் திருக்கல்லறைத் தேவாலயத்தின் சன்னல்களையும் செய்துகொண்டிருந்தார். 1940 மே மாதக் குண்டுவீச்சில் சேதமான கோயில் அது. பாடுகளும் உயிர்ப்பும் கருப்பொருளாக மொத்தம் 31 சன்னல்கள். பத்து வருடத்துக்கும் மேல் நடந்த வேலை 1993-இல் முடிந்து திறப்பு விழா நடந்தது. அதே வருடம் ஆகஸ்ட் முதல் தேதி, சாலை விபத்தில் பட்ட காயத்தால் மனெஸியே இறந்தார்.

சீர்திருத்தச் சபை நண்பர்கள், இது கத்தோலிக்கக் கதையாகவே இருக்கிறதே என்று கேட்கலாம். சொல்லப்போனால் உருவங்களைக் கண்டு தயங்குகிற அவர்கள் மரபுக்கு அரூபம் இன்னும் பொருத்தம். மகோட்டோ புஜிமுரா நல்ல உதாரணம். 1960-இல் பாஸ்டனில் பிறந்த ஜப்பானிய அமெரிக்கர். டோக்கியோவில் 'நிஹோங்கா' என்ற மரபு ஓவியம் கற்கும்போதுதான் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டார். நீலக்கல், பச்சைக்கல் போன்ற தாதுக்களைப் பொடியாக்கி, விலங்குப் பசையில் குழைத்து, அடுக்கு மேல் அடுக்காகப் பூசுகிற முறை அது. பொன் தகடும் சேரும். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. கல் நொறுங்கினால்தான் நிறம் கிடைக்கிறது, காத்திருந்தால்தான் ஆழம் கிடைக்கிறது. 2011-இல் கிங் ஜேம்ஸ் பைபிளின் 400-ஆம் ஆண்டை ஒட்டி வந்த நான்கு சுவிசேஷங்களின் பதிப்பு ஒன்றுக்கு அவர் வரைந்தவை எல்லாம் அரூபம்தான். இவரிடம் விசுவாசத்தைத் தேடுவதானால் படத்தின் கருத்தில் தேடுவதைவிட வேலை செய்கிற விதத்தில் தேடுவேன்.

தலைப்பை மாற்றினால் என்ன ஆகும் என்ற கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. இதற்கு பார்னெட் நியூமனை நினைவில் வைப்பது நல்லது. நியூயார்க்கில் வாழ்ந்த யூதர். 1958-இலிருந்து 1966 வரை பதினான்கு ஓவியங்கள் வரைந்து 'சிலுவைப்பாதை' என்று பெயர் வைத்தார். பூச்சில்லாத கித்தானில் செங்குத்தான பட்டைகள், பெரும்பாலும் கறுப்பும் வெள்ளையும். துணைத் தலைப்பு 'லெமா சபக்தானி', ஏன் என்னைக் கைவிட்டீர் என்ற கதறல். தொடங்கும்போது இந்தத் திட்டமே அவருக்கு இல்லை. நான்காவது படத்தின்போதுதான் இது ஒரு தொடர் என்று அவருக்குப் புரிந்தது. கிறிஸ்தவ விசுவாசம் இல்லாத ஒருவர் வரைந்த இந்தப் படங்களின் முன்னால் ஒரு கிறிஸ்தவர் மனதார ஜெபிக்கலாம். ஆக, படத்தின் வலிமை வேறு, வரைந்தவரின் விசுவாசம் வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றைச் சான்றளிக்க முடியாது. 'கிருபை' என்று பெயர் சூட்டப்பட்ட எத்தனையோ படங்கள் வெறும் அலங்காரம்தான்.

இதோடு சேர்த்து ஓர் எச்சரிக்கை. ஊதா என்றால் மனந்திரும்புதல், பொன் என்றால் மகிமை, நீலம் என்றால் பரலோகம் என்று அட்டவணை போட்டு அரூப ஓவியத்தை 'வாசிக்க'ச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். திருவழிபாட்டு நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் ஓர் உணர்வுக்கு ஒரு நிறம் என்கிற அட்டவணையை நவீன ஓவிய உலகில் பரப்பியதில் தியோசாபி என்கிற பிரம்மஞான இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனி பெசன்ட்டும் லெட்பீட்டரும் எழுதிய புத்தகத்தில் அப்படி ஒரு பட்டியலே இருக்கிறது. அரூப ஓவியத்தின் முன்னோடிகளில் ஒருவரான மோன்ட்ரியான் 1909-இல் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்தவர். நம் அடையாற்றில் தலைமையகம் உள்ள அதே சங்கம். அரூப ஓவியத்தில் 'ஆன்மிகம்' என்ற சொல்லைப் பார்த்ததும் அது கிறிஸ்தவம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். மனெஸியேவின் கறுப்புக்கு நிலையான பொருள் கிடையாது. ஒரு படத்தில் அது முள், இன்னொன்றில் இரவு, மற்றொன்றில் ஒளியைப் பிடித்து நிறுத்துகிற ஈயக் கம்பி.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். மனெஸியேவைப் பார்க்க விரும்பினால் 1945-இன் 'சால்வே ரெஜினா', ஐம்பதுகளின் 'முள்முடி', 1979-இன் காமரா அஞ்சலி, அப்வீல் சன்னல்கள், இந்த வரிசையில் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் கொடுங்கள். முதல் தடவை தலைப்பைப் படிக்காமல் பார்த்துவிட்டு, பிறகு படித்து, மறுபடி பாருங்கள். தலைப்பு படத்தைத் திறந்துவிட்டால் நல்லது. தலைப்பு இல்லாமல் படம் ஒன்றுமே இல்லை என்று பட்டால் அதையும் தயங்காமல் ஒப்புக்கொள்ளுங்கள். பக்திக்காக ஒரு சுமாரான படத்தைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

நீங்களே வரைகிறவராக இருந்தால், ஒவ்வொரு படத்தின் பின்பக்கத்திலும் தேதியையும், அந்த நாட்களில் தியானித்த வசனத்தையும் எழுதி வையுங்கள். வசனத்தை வரைய முயல வேண்டாம். அது உங்களை என்ன செய்ததோ அதற்குக் கை போகட்டும். பெயர் கடைசியில் வரட்டும், வராவிட்டாலும் பரவாயில்லை. ஐந்தாறு வருடம் கழித்து எல்லாவற்றையும் சுவரோரம் வரிசையாக நிறுத்தி, உங்களை நன்கு அறிந்த ஒரு குருவையோ போதகரையோ விசுவாசமுள்ள நண்பரையோ அழைத்துக் காட்டுங்கள். உங்களுக்குத் தெரியாதது அவருக்குத் தெரியக்கூடும்.